தலைக்கணக்கும் வழிக்கணக்கும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்த புலவர் ஒருவர் வந்து இலக்கியச் சொற்பொழிவு ஆற்றுவது வழக்கம். இவ்வாண்டு வரவிருந்தவருக்கு உடல்நலம் குன்றிவிட்டது. செயலாளர் அவர்கள் சென்ற ஞாயிறன்று நம் குவார்ட்டர்சுக்கு வந்து, "உங்களுக்குத் தெரிந்த எதைப் பற்றியேனும் கால் மணி நேரம் பேசுங்கள், பேச்சை எழுதியும் கொடுத்துவிடுங்கள், மலரில் சேர்க்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தந்தையார் பணியில் இருக்கும்போதே மறைந்தமையால், அந்த வகையில் கிடைத்த ரயில்வே உத்தியோகத்தில் அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கெழுதி வருகிறோம். கம்பனைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் பேச நமக்குத் தகுதியில்லை. எண்களைப் பற்றிச் சிறிது பேசலாம். ஆகவே, ஒரு சிற்றூரில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்னும் தலைக்கணக்கையும், அவர்கள் ஊரை விட்டு வெளியே சென்று திரும்ப என்ன வழி உண்டு என்னும் வழிக்கணக்கையும் பற்றிச் சில சொற்கள் கூற முற்படுகிறோம். பொருள் வறண்டது என்று எண்ணி யாரும் எழுந்து போய்விட வேண்டா. காபி இன்னும் வரவில்லை.

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் நாட்டு மக்கள் தொகை 121 கோடி. அவர்களுள் ஏறத்தாழ 83 கோடிப் பேர் கிராமவாசிகள். கிராமங்களின் எண்ணிக்கை 6 இலட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஆனால் மக்கள் குடியிருக்கும் கிராமங்கள் 6 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவே. எஞ்சிய நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களுக்குப் பெயர் உண்டு, எல்லை உண்டு, வருவாய்த்துறைப் பதிவேட்டில் எண்ணும் உண்டு. குடி மட்டும் இல்லை. இப்பக்கத்து வருவாய்க் கணக்கர் இத்தகைய ஊரை 'பேசிராக்' என்பர். விளக்கில்லாத ஊர் என்பது அச்சொல்லின் பொருள். கணக்கு மொழியில் இவ்வளவு துயரமான சொல் வேறொன்றை நாம் கண்டதில்லை. பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் விளக்கணைந்த ஊர்கள் உண்டு. அணை நீரில் மூழ்கிய ஊர்களும் உண்டு. வழியில்லாமையால் ஒவ்வொரு வீடாக விளக்கணைந்து வரும் ஊர்களும் இருக்கின்றன. நாம் பேச விரும்புவது இவற்றைப் பற்றியே.

குடிக்கணக்கு எடுப்போர் தலைகளை மட்டும் எண்ணிச் செல்வதில்லை. 1951 முதல் மாவட்டந்தோறும் ஒரு கைந்நூல் வெளியிடுகின்றனர். அதில் ஒவ்வொரு கிராமத்துக்கும் பள்ளி உண்டா, மருத்துவ நிலையம் உண்டா, தபால் நிலையம் உண்டா, பேருந்து வருமா, புகைவண்டி நிலையம் உண்டா என்று கட்டங்கள் உள்ளன. 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் வசதி இல்லாத ஊருக்கு, அது எவ்வளவு தொலைவில் கிடைக்கும் என்பதை மூன்று குறிகளால் காட்டினர். 5 கிலோமீட்டருக்குள் என்றால் ஒரு குறி, 5 முதல் 10 வரை என்றால் மற்றொரு குறி, 10க்கு மேல் என்றால் மூன்றாவது குறி. இம்மூன்றாவது குறி 11 கிலோமீட்டரையும் குறிக்கும். 60 கிலோமீட்டரையும் குறிக்கும். இடையில் ஒரு நாலா ஓடி, ஆடி ஆவணியில் அது பெருகினால் 4 கிலோமீட்டர் 40 ஆகிவிடும் என்பதைக் குறிக்க அங்கே கட்டம் இல்லை. குறை கூறுகிறோம் என்று எண்ணற்க. கணக்கு எழுதுகிறவனுக்குக் கட்டத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் உலகம். நமக்கும் அப்படித்தான் இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

சாலைகளைப் பற்றிய முதல் பெருந்திட்டம் இந்த நாகபுரியிலேதான் உருவாயிற்று என்பது நம் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ! 1943 டிசம்பரில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், எல்லா மாகாணங்களின் தலைமைப் பொறியாளர்களும் இவ்வூரில் கூடி இருபதாண்டுச் சாலைத் திட்டம் ஒன்றை வகுத்தனர். நாகபுரித் திட்டம் என்றே அதற்குப் பெயர். வேளாண்மை செழித்த பகுதியில் எந்தக் கிராமமும் முதன்மைச் சாலையிலிருந்து 5 மைலுக்கு மேல் தள்ளி இருத்தல் ஆகாது என்பது அவர்கள் கொண்ட குறிக்கோள். அவ்விதியில் ஒரு நயம் உண்டு. அவர்கள் தொலைவைக் கேட்டனர். இத்தனை பேர் இருந்தால்தான் சாலை என்று கூறவில்லை.

பிற்காலத்தில் தலைக்கணக்கு உள்ளே நுழைந்தது. 2000 டிசம்பர் 25ஆம் நாள் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேருக்கு மேற்பட்ட குடியிருப்பும், மலை, பாலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேற்பட்ட குடியிருப்பும் சாலை பெறத் தகுதியுடையன என்று வரையறுத்தனர். எல்லாக் காலத்துக்கும் ஏற்ற சாலையிலிருந்து சமவெளியில் அரைக் கிலோமீட்டருக்கு மேலும், மலைநாட்டில் நடைவழியாக ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் தள்ளியிருந்தால் அது இணைக்கப்படாத குடியிருப்பு. இத்திட்டத்தால் நாடு பெற்ற நன்மையைக் குறைத்துக் கூற நமக்கு மனமில்லை. இந்நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மாட்டு வண்டியில் சென்றவர்கள் இச்சபையில் இருக்கின்றனர். இன்று அவ்வூர்களுக்கு ஆட்டோ செல்கிறது. இத்திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தபோது, இன்னும் இணைக்க வேண்டிய குடியிருப்புகள் 25 ஆயிரம், போடவேண்டிய சாலை 62,500 கிலோமீட்டர் என்று கணக்குக் காட்டினர்.

பணம் அளவுக்குட்பட்டது, எனவே யாருக்கு முதலில் என்று வரிசை வைக்கத்தான் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் 490 பேர் உள்ள சமவெளிக் குடியிருப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள். வழியில்லை என்பதால் படித்த பிள்ளை பட்டணத்துக்குப் போகிறான். அவன் மனைவியையும் அழைத்துக்கொள்கிறான். பிரசவத்துக்கு வழியில்லை என்று மற்றொரு குடும்பம் தாலுகா நகரத்தில் வாடகைக்கு அமர்கிறது. அடுத்த கணக்கில் அவ்வூர் 440 ஆகிறது. தகுதி பெறுவதற்கு வேண்டிய எண், தகுதி இல்லாத காரணத்தாலேயே மேலும் எட்டாமல் போகிறது.

பெரியோர்களே, இது வேற்றூர்க் கதை அன்று. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் இக்காலனிக்குக் கணக்கெடுப்பவர் வந்தபோது நாம் யாவரும் நாகபுரிவாசிகளாக எழுதப்பட்டோம். அந்நாளில் ஏதோ ஓர் ஊர்க் கணக்கில் நான்கோ ஐந்தோ குறைந்திருக்கும். நம் தந்தையாரின் ஊர் பழைய தென்னார்க்காட்டில் உள்ளது. லீவு எடுத்துப் பாஸில் புறப்பட்டால், இங்கிருந்து சென்னை வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டரை ஓர் இரவும் சில மணி நேரமும் உறங்கியே கடந்துவிடுகிறோம். கடைசி ஆறு கிலோமீட்டருக்குத்தான் கவலை. வண்டி சற்றுத் தாமதித்தால் மாலை டவுன் பஸ் போய்விடும். பெரியப்பா மகன் மோட்டார் சைக்கிளில் வந்து, பெட்டிக்கு ஒரு நடை, நமக்கு ஒரு நடை, இல்லாளுக்கு ஒரு நடை என்று மூன்று முறை அலைய நேரும். தந்தையார் அவ்வூரை விட்டதற்கு வறுமை ஒன்றே காரணம் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மைல் நடக்க வேண்டியிருந்தது என்று அத்தையார் கூறிய பின்னரே மற்றொரு காரணமும் விளங்கிற்று.

சாலை போட்டுவிட்டால் ஊர் செழித்துவிடும் என்றும் எளிதாகக் கூறிவிட முடியாது. நம் மகள் கல்லூரியில் பொருளியல் பயில்கிறாள். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியை அவள் நமக்கு எடுத்துரைத்தாள். சாம் ஆஷர், பால் நோவோசாட் என்னும் இரு பொருளியலார், மேற்கூறிய தலைக்கணக்கு வரம்புக்குச் சற்று மேலிருந்து சாலை பெற்ற ஊர்களையும், சற்றுக் கீழிருந்து பெறாத ஊர்களையும் ஒப்பிட்டனர். சாலை வந்த ஊர்களில் மக்கள் வயல் வேலையை விட்டு வெளியே கூலி வேலைக்குச் செல்வது மிகுந்தது. ஆனால் விளைச்சலிலும் வருமானத்திலும் உடைமையிலும் பெரிய மாற்றம் காணப்படவில்லை என்பது அவர்கள் முடிவு. அவள் கூறக் கேட்டு நமக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு எண்ணிப் பார்த்தால், தார்ச்சாலை என்பது நிற்கும் பொருள். அதன்மேல் ஓடுவது எது, எத்தனை மணிக்கு ஓடுகிறது, என்ன கட்டணம் என்பவை வேறு கேள்விகள். சொந்த வாகனம் உள்ளவனுக்குச் சாலை போதும். கிழவிக்கும் பள்ளிச் சிறுமிக்கும் பேருந்து வேண்டும்.

சிறுமி என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. பீகார் மாநிலத்தில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தனர். நம் தமிழ்நாட்டில் விலையில்லாச் சைக்கிள் வழங்குவதைப் போன்றதே. உயர்நிலைப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ந்த பெண்களின் அளவு அதனால் 32 விழுக்காடு உயர்ந்தது என்றும், பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களிலேயே இவ்வுயர்வு மிகுதி என்றும் 2017இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பெற்றோர் மனம் ஒரு சைக்கிளால் மாறும் என்றால், அதுவரை தடையாக நின்றது மனமா, தொலைவா?

இனி, நாம் பிழைப்பு நடத்தும் புகைவண்டிக்கு வருவோம். 1880ஆம் ஆண்டுப் பஞ்ச விசாரணைக் குழு, தானியத்தை விரைந்து கொண்டு செல்வதற்காகவே காப்புப் பாதைகள் போடவேண்டும் என்று பரிந்துரைத்தது. இலாபம் வராவிடினும் உயிர் காக்கும் என்பது அதன் கருத்து. இந்த மத்திய மாகாணம் 1896-97இலும் 1899-1900இலும் கொடும் பஞ்சங்களைக் கண்ட நாடு. அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கோந்தியாவிலிருந்து நைன்பூர் வழியாக ஜபல்பூருக்கும், பின்னர் இங்கிருந்து சிந்துவாடாவுக்கும் சத்புரா மலைச் சரிவில் 2 அடி 6 அங்குல அகலத்தில் சிறு பாதைகள் அமைந்தன. நம் சங்கத்து மூத்தோர் பலர் இதவாரியில் அச்சிறுவண்டியில் ஏறியிருப்பார்கள். ஓடும் வண்டியிலிருந்து இறங்கிச் சீதாப்பழம் பறித்துக்கொண்டு மீண்டும் ஏறலாம் என்று வேடிக்கையாகக் கூறுவர். 2015இல் அவற்றின் பெரும்பகுதி அகலப் பாதையாக மாற்றுவதற்காக நிறுத்தப்பட்டது. மாற்றம் வேண்டியதே. ஆயினும் வேலை முடியும் வரை ஆண்டுக்கணக்கில் அப்பாதையோர ஊர்கள் வண்டியின்றி இருந்தன. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நாடெங்கும் பிரயாணி வண்டிகள் நின்றதும், மீண்டும் ஓடியபோது பல சாதாரண வண்டிகளில் 10 ரூபாய்க்குப் பதில் 30 ரூபாய் குறைந்த கட்டணம் ஆனதும், 2024 பிப்ரவரியில் பழைய கட்டணம் திரும்பியதும் நீங்கள் அறிந்ததே. சந்தைக்குக் கீரை கொண்டுபோகிறவளுக்கு அந்த 20 ரூபாய் ஒரு நாள் இலாபம்.

இப்போது நாம் முன்பு கூறுவதாகச் சொன்னதைக் கூறுகிறோம். பாதையின் பெயரையும் ஊரின் பெயரையும் அலுவலகத்தையும் குறிப்பிடுவது முறையன்று, பிழை நம்முடையது.

பல ஆண்டுகளுக்கு முன், வருவாய் குறைந்த ஹால்ட்டுகளின் பட்டியல் ஒன்று தயாரிக்கும் வேலை நம்மிடம் வந்தது. ஹால்ட் என்பது நிலைய அதிகாரி இல்லாத சிறு நிறுத்தம். உள்ளூர்க்காரர் ஒருவர் கமிஷனுக்குச் சீட்டு விற்பார். நாம் செய்த வேலை எளியது. மாதந்தோறும் விற்ற சீட்டுகளைக் கூட்டி, நாட்களால் வகுத்து, ஒரு கட்டத்தில் எழுதவேண்டும். ஒரு ஹால்ட்டுக்கு நாளொன்றுக்கு 7 பேர் என்று வந்தது. இருமுறை கூட்டிப் பார்த்தோம், 7தான். எழுதிக் கையொப்பமிட்டு மேலே அனுப்பினோம். சில மாதங்களில் அங்கே ஒரு ஜோடி வண்டி நிற்பது நீக்கப்பட்டது. காலையில் போவதும் மாலையில் வருவதுமான வண்டி அது.

அதே ஆண்டு உடன் பணியாற்றிய நண்பரின் தங்கை திருமணத்துக்காக அப்பக்கம் போக நேர்ந்தது. அவர்கள் ஊரிலிருந்து அந்த ஹால்ட் இரண்டு கிலோமீட்டர். மாலையில் நடந்துபோய்ப் பார்த்தோம். கோண்டு மக்கள் வாழும் ஊர். வேப்பமரத்தடியில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தாள். நாம் ரயில்வேக்காரர் என்று நண்பர் சொன்னதும் அவள் கோபிக்கவில்லை. "பாபுஜி, வண்டி இங்கே மெதுவாகத்தான் போகிறது. டிரைவர் கூட எங்களைப் பார்த்துக் கையசைக்கிறார்" என்று மட்டும் கூறினாள். அச்சொல் இன்றும் நம் காதில் இருக்கிறது.

விசாரித்ததில் விளங்கியது இது. சீட்டு விற்பவர் முன்பணம் கட்டியே பக்கத்து நிலையத்திலிருந்து சீட்டு வாங்கி வரவேண்டும். கையில் பணம் இல்லாத ஏழை அவர். சந்தை நாளில் முதல் பதினைந்து பேருக்குச் சீட்டுத் தீர்ந்துவிடும். மற்றவர்கள் ஏறிப்போய் இறங்குமிடத்தில் பணம் கட்டுவர். அத்தொகை அந்த நிலையத்தின் வருவாயாகப் பதிவாகும். நடுவே நான்கு மாதம் அவர் நோயில் கிடந்தார். அம்மாதங்களில் அவ்வூரார் யாருமே பிரயாணம் செய்யவில்லை என்று நம் கணக்கு கூறிற்று! மேலும், ஜங்ஷன் நகரத்துப் பள்ளிக்குச் செல்லும் பதினொரு மாணவியர் அவ்வூரில் இருந்தனர். ஹால்ட்டில் சீசன் சீட்டுத் தரமாட்டார்கள். அவர்கள் ஜங்ஷனில் வாங்கினர். எனவே நாள்தோறும் அந்த வேப்பமரத்தடியில் ஏறி இறங்கிய பதினொரு பெண்களும் நம் கட்டத்தில் ஒருவராகக்கூட விழவில்லை. 7 என்ற எண்ணில் கூட்டல் பிழை இல்லை. அது சீட்டுகளின் எண்ணிக்கை. மனிதர்களின் எண்ணிக்கை என்று நாம் படித்தோம், மேலே இருந்தவர்களும் அவ்வாறே படித்தனர்.

திரும்பி வந்து ஒரு குறிப்பு எழுதினோம். குமாஸ்தா எழுதும் குறிப்புக்கு எவ்வளவு வலிமை என்பதை இச்சபையில் பலர் அறிவர். ஊராரும் மனுக் கொடுத்தனர். அதிகாரி ஒருவர் பொறுமையுடன் படித்து, ஜங்ஷனின் சீசன் சீட்டுப் பதிவேட்டிலிருந்து அவ்வூர்ப் பெயர்களைத் தனியே எடுக்கச் சொன்னார். ஓராண்டுக்குப் பின், வாரச் சந்தை நாளில் மட்டும் வண்டி நிற்க ஆணை வந்தது. பள்ளி நாட்களுக்கு வரவில்லை. அதற்குள் பதினொரு மாணவியரில் நால்வர் உறவினர் வீட்டிலும் விடுதியிலும் தங்கிப் படிப்பைத் தொடர்ந்தனர். எழுவர் நின்றுவிட்டனர். இருவருக்கு மணமும் ஆகிவிட்டது.

அன்று முதல் நாம் தயாரிக்கும் எந்தப் பட்டியலிலும் வலப்பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்து, வேறிடத்தில் சீட்டு வாங்குவோர் உண்டா, விற்பனை நின்ற மாதங்கள் உண்டா என்று குறித்து அனுப்புகிறோம். அச்சடித்த படிவத்தில் அதற்கு இடமில்லை. சிலர் அழித்துவிடுகின்றனர், சிலர் படிக்கின்றனர்.

அடுத்த குடிக்கணக்கு 2021இல் நடந்திருக்க வேண்டியது, பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அது எடுக்கப்படும் என்று 2025 ஜூனில் அறிவித்தனர். அதில் நாம் மீண்டும் நாகபுரிக் கணக்கிலேயே சேர்வோம், அதில் தவறில்லை. ஆனால் கிராமத்தில் இருக்கும் அண்ணன், சித்தப்பா முதலியோருக்குக் கடிதமோ தொலைபேசியோ வாயிலாக ஒன்று கூறலாம். ஊர் வசதிகளின் பட்டியல், கிராம அலுவலர் முதலியோர் தரும் விவரத்தைக் கொண்டே நிரம்புகிறது. பேருந்து 'உண்டு' என்று எழுதப்படும் ஊரில் அது காலையில் ஒரு முறை மட்டும் வந்து போவதாயின், ஊரார் அதை அப்போதே எடுத்துச் சொல்லட்டும். கிராம சபைத் தீர்மானத்திலும் எழுதி வைக்கட்டும்.

செயலாளர் அவர்களின் இசைவோடு வாயிலருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் சொந்த ஊரின் பெயர், வட்டம், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, மழைக்காலத்தில் அது வருமா, உயர்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர் என்னும் ஐந்து விவரங்களை எழுதிவிட்டுச் செல்லுங்கள். தெரியாதவர்கள் இன்றிரவு ஊருக்குப் பேசிக் கேட்டு, நாளை மறுநாள் நம் வீட்டில் கொடுத்தாலும் போதும். ஊர்கள் சேர்ந்தபின், எந்தெந்த ஆட்சியர்களுக்கு மனு அனுப்பலாம் என்பதைச் செயற்குழு முடிவு செய்யும்.

ஒப்பனை செய்த குழந்தைகள் திரைக்குப் பின்னால் நெடுநேரமாக நிற்கின்றனர்.